பீரங்கி வண்டும் பிரசங்கபீடமும்

கடவுள் உண்டு என்பதை இயற்கையிலிருந்து நிறுவ முற்படும் ஜனரஞ்சக நூல்களில், கடந்த அரை நூற்றாண்டாக ஒரு சிறு பூச்சிக்குப் பெரிய இடம் அளிக்கப்பட்டு வருகிறது. பீரங்கி வண்டு எனப்படும் தரைவண்டே அது. எதிரி தீண்டிய மாத்திரத்தில், வயிற்றின் நுனியிலிருந்து கொதிக்கும் நச்சுநீரைச் சத்தத்தோடு பீய்ச்சித் தன்னைக் காத்துக்கொள்வது அதன் இயல்பு. இத்தகைய கருவி படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது, பாதி வழியிலேயே வண்டு வெடித்துச் சிதறியிருக்கும், ஆகவே சிருஷ்டிகர் அதை ஒரே வேளையில் முழுமையாக உண்டாக்கினார் என்பதே அந்நூல்களின் வாதம். அயல்நாட்டு நூல்களில் பிறந்த இவ்வாதம் துண்டுப் பிரசுரங்கள், வாலிபர் முகாம்கள், ஞாயிறு பள்ளிகள் ஆகியவற்றின் வழியாக நமது பிரசங்கபீடங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வாதத்தைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்று கேள்விகளை எழுப்புவோம். முதலாவது, வாதம் கூறும் செய்திகள் மெய்யானவையா? இரண்டாவது, திருமறையை அது கையாளும் முறை தகுதியானதா? மூன்றாவது, அது எத்தகைய கடவுளை நமக்கு முன் நிறுத்துகிறது? பரிணாமக் கொள்கையை ஏற்பதா மறுப்பதா என்பது இங்கு எடுத்துக்கொண்ட பொருளன்று. அதில் மாறுபட்ட கருத்துடைய இரு போதகர்களும் இக்கட்டுரையின் முடிவை ஒருங்கே ஏற்க இயலும். ஏனெனில், இங்கு முதன்மையாக எழுவது பொய்ச்சாட்சியைத் தடைசெய்யும் கற்பனையைப் பற்றிய கேள்வி.

வண்டும் அதன் படைக்கலமும்

பீரங்கி வண்டுகளில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஐரோப்பாவில் வாழும் பிராக்கினஸ் கிரெபிடன்ஸ் என்பதை லின்னேயஸ் 1758இல் விவரித்தார். ஓசை எழுப்புவது என்னும் பொருள்பட அவர் அதற்குப் பெயரிட்டார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவலாகக் காணப்படும் ஃபெரோப்சோஃபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை நம் நாட்டிலும் உள்ளன. பகலில் கற்களின் அடியிலும் ஈரமண்ணிலும் ஒதுங்கியிருந்து இரவில் இரை தேடுபவை இவை.

இவ்வண்டின் வயிற்றில் இணையாக இரண்டு சுரப்பிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு சுரப்பியும் இரண்டு அறைகளைக் கொண்டது. உள்ளே இருப்பது சேமிப்பறை. வெளியே இருப்பது தடித்த சுவருடைய வினையறை. இரண்டுக்கும் இடையே ஓர் அடைப்பிதழ் உண்டு. ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் ஷில்ட்க்னெக்டும் அவருடைய உடனாய்வாளர்களும் 1950களின் பிற்பகுதியிலிருந்து செய்த ஆய்வுகள், சேமிப்பறையில் உள்ள பொருள்களை வெளிப்படுத்தின. அங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 25 விழுக்காடும் ஹைட்ரோகுயினோன்கள் சுமார் 10 விழுக்காடும் கலந்த நீர்க்கரைசல் இருக்கிறது. வினையறையிலோ கேட்டலேஸ், பெராக்சிடேஸ் என்னும் நொதிகள் உள்ளன. வண்டு தன் சேமிப்பறையை இறுக்கும்போது கரைசல் வினையறைக்குள் பாய்கிறது. நொதிகள் பெராக்சைடை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கின்றன. ஹைட்ரோகுயினோன்களை எரிச்சலூட்டும் குயினோன்களாக மாற்றுகின்றன. அவ்வினையில் வெளிப்படும் வெப்பம் கரைசலைக் கொதிக்கச் செய்கிறது. விடுபட்ட வாயு அதை வெளியே தள்ளுகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஐஸ்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பூச்சிகளின் தற்காப்பு முறைகளை ஆராய்வதில் செலவிட்டவர். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிய யூதக் குடும்பத்தின் பிள்ளை அவர். பீய்ச்சப்படும் நீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் என்பதை அவரும் உடனாய்வாளர்களும் 1969இல் அளந்து வெளியிட்டனர். பீய்ச்சல் ஒரே தாரையாக வருவதில்லை, ஒரு வினாடிக்குச் சுமார் 500 துடிப்புகளாக வருகிறது என்பது 1990இல் அறியப்பட்டது. கென்யாவைச் சேர்ந்த ஓரினம் தன் வயிற்று நுனியைத் திருப்பி, எந்தக் கால் கடிபடுகிறதோ அந்தக் காலை நோக்கியும், முதுகின் மேலாகவும்கூடக் குறிபார்க்க வல்லது என்பதை 1999இல் வெளியான புகைப்படங்கள் காட்டின. அத்துடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஊடுகதிர்ப் படங்களின் துணைகொண்டு 2015இல் மற்றொரு குழுவினர் விளக்கினர். வினையறையில் வெடிப்பு நிகழும்போது அதன் அழுத்தமே அறைகளுக்கு இடையிலுள்ள வழியை அடைத்துவிடுகிறது. அழுத்தம் தணிந்ததும் வழி திறந்து புதிய கரைசல் உள்ளே வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வண்டு தனியே முயற்சி செய்யவேண்டுவதில்லை.

இவ்வளவும் உண்மை; இவ்வளவும் வியப்புக்குரியது. இதைக் கேட்டு ஒரு விசுவாசி சிருஷ்டிகரைத் துதிப்பாரானால் அதில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. வியப்பை விட்டு வாதத்திற்குள் நுழையும் இடத்திலேதான் சிக்கல் தொடங்குகிறது.

வாதம் தவறிய இடம்

இவ்வண்டைப் பரிணாமக் கொள்கைக்கு எதிரான சாட்சியாகப் பிரபலப்படுத்தியவர்களில் முதன்மையானவர் டுவேன் கிஷ். உயிர் இரசாயனத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர் அமெரிக்காவின் சிருஷ்டிப்பு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். சிறுவர்களுக்காக டைனோசார்களைப் பற்றி 1977இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வண்டு இடம்பெற்றது. 1984இல் ஹேசல் மே ரூ என்பவர் எழுதி, இவ்வண்டையே கதாநாயகனாகக் கொண்ட சிறுவர் நூலொன்றும் அதே வட்டாரத்திலிருந்து வெளிவந்தது.

கிஷ் கூறிய கதை இதுதான்: ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுயினோனும் ஒன்றாகக் கலந்தால் உடனே வெடிக்கும். ஆகையால் வண்டின் உடலில் வெடிப்பைத் தடுக்கும் ஒரு பொருள் இருந்தே தீரவேண்டும். பீய்ச்சும் வேளையில் அத்தடையை நீக்கும் மற்றொரு பொருளும் வேண்டும். இவையெல்லாம் ஒரே சமயத்தில் அமையாவிடில் வண்டு அழிந்துபோகும். இக்கதையின் உயிர்நாடி அதன் முதல் வாக்கியம். அந்த வாக்கியமே பிழையானது. இவ்விரு பொருள்களையும் சாதாரண வெப்பநிலையில் கலந்தால் அவை வெடிப்பதில்லை. தடுப்புப் பொருளுக்கு அங்கு வேலையே இல்லை. நொதிகள் சேரும்போதுதான் வினை வேகங்கொள்கிறது. நொதிகளோ தனி அறையில் உள்ளன. இதை விளக்கும் கட்டுரைகள் 1980களின் தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டன.

ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986இல் வெளியிட்ட நூலில் இது குறித்து எழுதியிருப்பது நம் கவனத்திற்குரியது. பிரான்சிஸ் ஹிட்சிங் என்பவர் 1982இல் எழுதிய நூலொன்றில் இதே வெடிப்புக் கதையைத் திரும்பச் சொல்லியிருந்தார். அதைப் படித்த டாக்கின்ஸ் உடன்பணியாற்றும் இரசாயன அறிஞர் ஒருவரிடம் இரு பொருள்களையும் பெற்று, தாமே கலந்து பார்த்தார். வெடிக்கவில்லை, சூடேறக்கூட இல்லை. நாத்திகத்தை வெளிப்படையாகப் போதிக்கும் அவர், ஒரு செய்தியைச் சொல்லுமுன் அதைச் சோதித்துப் பார்த்தார். சத்தியத்தைப் போதிக்கும்படி அருட்பொழிவு பெற்றவர்கள் சோதியாமலே அதைச் சொல்லிவந்தார்கள். இந்த வேறுபாடு நம்மை உறுத்த வேண்டும். எல்லாவற்றையும் சோதித்தறிந்து நலமானதைப் பற்றிக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல் நமக்கும் சேர்த்தே எழுதினார்.

வாதத்தின் இரண்டாம் கூறு, படிகள் இருக்கவே முடியாது என்பது. இதுவும் நிலைக்கத்தக்கதன்று. குயினோன்கள் இவ்வண்டுக்கு மட்டும் உரியவையல்ல. பூச்சிகளின் மேலோடு கடினமாவதிலேயே அத்தகைய பொருள்களுக்குப் பங்குண்டு. பல வண்டுகளும் மரவட்டைகள் சிலவும் அவற்றைத் தற்காப்புக்குப் பயன்படுத்துகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு உயிரணுக்களில் இயல்பாகவே தோன்றுவது. அதைப் பிரிக்கும் கேட்டலேஸ், பிராணவாயுவைக் கொண்டு வாழும் உயிர்கள் ஏறக்குறைய அனைத்திலும் காணப்படுவது. மேலும், வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் மெட்ரியஸ் கான்ட்ராக்டஸ் என்னும் பீரங்கி வண்டைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. இதன் நீர் தாரையாகப் பாய்வதில்லை; பெரும்பாலும் நுரையாக வெளிவந்து உடலின் மேல் படர்கிறது. அதன் வெப்பமும் கொதிநிலையைவிட மிகக் குறைவு. ஆயினும் அவ்வண்டு வாழ்கிறது. அரைகுறைக் கருவியால் பயனில்லை என்ற கூற்றுக்கு அது உயிருள்ள மறுப்பாக நிற்கிறது. பீரங்கி வண்டின் வரலாறு முழுவதும் எழுதப்பட்டு முடிந்தது என்று இதற்குப் பொருளன்று. எழுதப்படவே முடியாது என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை என்பதே பொருள்.

நியாயத்தின் பொருட்டு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியல் பேராசிரியராக இருந்த ஆண்டி மக்கின்டோஷ், பூமியின் வயது குறைவு என்று நம்பும் சிருஷ்டிப்புவாதி. அவர் இவ்வண்டின் பீய்ச்சும் முறையை நுட்பமாக ஆராய்ந்து, அதைப் பின்பற்றித் திரவத்தைத் துளிகளாகத் தெளிக்கும் கருவிநுட்பத்தை வளர்க்கும் பணியை முன்னின்று நடத்தினார். அவருடைய அளவுகளையும் கணக்குகளையும் அவருடன் உடன்படாதவர்களும் சோதிக்க முடியும். ஆகவே நாம் குறைகூறுவது ஒருவருடைய விசுவாசத்தை அன்று. பிழையென்று காட்டப்பட்ட பின்பும் ஒரு செய்தியை, அது நமக்குச் சாதகமானது என்பதற்காகவே, தொடர்ந்து சொல்லிவரும் பழக்கத்தையே குறைகூறுகிறோம். அறியாமல் பிழைபடச் சொல்வது எவருக்கும் நேரக்கூடியது. அறிந்தபின் சொல்வது பொய்ச்சாட்சி.

லிவியாதானைச் சிறுமைப்படுத்துதல்

கிஷ் தம் வாதத்தை இவ்வண்டோடு நிறுத்தவில்லை. யோபு 41ஆம் அதிகாரத்தில் லிவியாதானின் வாயிலிருந்து தீப்பொறிகள் பறப்பதாகவும், நாசியிலிருந்து கொதிக்கும் பானையினின்று எழுவதுபோலப் புகை எழுவதாகவும் வருகிறது. வண்டு ஒன்று கொதிநீரைப் பீய்ச்சக் கூடுமானால், டைனோசார் ஒன்று நெருப்பைக் கக்கியிருக்கக் கூடாதா என்பது அவருடைய கேள்வி. இவ்வாறு வண்டு லிவியாதானுக்குச் சான்றாகிறது. லிவியாதான் டைனோசார் ஆகிறது. டைனோசார் மனிதனோடு வாழ்ந்தது நிரூபணமாகிவிடுகிறது.

இதனை விளக்கவுரை என்று சொல்வதற்கில்லை. லிவியாதான் திருமறையில் யோபு நூலில் மட்டும் வருவதன்று. 74ஆம் சங்கீதத்தில் கடவுள் அதன் தலைகளை நசுக்குகிறார். தலைகள் எனப் பன்மையில் அங்கு சொல்லப்பட்டிருக்கிறது. ஏசாயா 27ஆம் அதிகாரத்தில் அது கடைசி நாளில் கர்த்தரின் பட்டயத்தால் தண்டிக்கப்படும் நெளிந்தோடும் சர்ப்பம். 104ஆம் சங்கீதத்திலோ அது கடலில் விளையாடுவதற்காகக் கடவுள் உண்டாக்கிய சிருஷ்டி. சிரியாவின் ராஸ் ஷம்ரா என்னுமிடத்தில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட உகாரித் களிமண் பலகைகளில், பாகால் தெய்வம் வெல்லும் லோத்தான் என்னும் ஏழு தலைச் சர்ப்பத்தைப் பற்றிய செய்யுள்கள் கிடைத்துள்ளன. பெயரும் வர்ணனையும் நெருங்கி ஒத்திருக்கின்றன. கானானியர் எதைக் கண்டு அஞ்சினார்களோ, ஒழுங்கைக் குலைக்கும் பெருவெள்ளத்தின் உருவாக எதைக் கருதினார்களோ, அதையே இஸ்ரவேலின் கவிஞர் எடுத்து, அதுவும் கர்த்தருடைய கைக்கு உட்பட்டது என்று பாடினார். யோபுக்கு வந்த மறுமொழியின் வலிமை அதில் அடங்கியிருக்கிறது. துன்பத்தின் புயலில் நிற்கும் மனிதனிடம், நீ அடக்க முடியாத அந்தப் பயங்கரமும் என் எல்லைக்கு உட்பட்டதே என்று கடவுள் சொல்கிறார்.

இந்தப் பெரும் அறிவிப்பை, அழிந்துபோன ஒரு பல்லியின் நாசித்துவாரத்தைப் பற்றிய தகவலாகக் குறைத்துவிடுவது வேதத்தைக் கனப்படுத்துவதாகாது. எழுத்தின்படி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, எழுதப்பட்டதன் பொருளை இழந்துவிடுகிறோம். படுக்கையில் கிடக்கும் ஒரு சபையாரிடம் யோபு நூலை வாசிக்கும் போதகருக்கு எந்த லிவியாதான் வேண்டும் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

எத்தகைய கடவுள்?

செய்திகளில் பிழை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வாதத்தின் இறையியல் நம்மை எங்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் பீரங்கி வண்டுகளைத் தேரைகளுக்கு இரையாகக் கொடுத்தனர். விழுங்கப்பட்ட வண்டுகள் தேரையின் வயிற்றினுள்ளும் நச்சுநீரைப் பீய்ச்சின. அவற்றில் 43 விழுக்காட்டைத் தேரைகள் 12 முதல் 107 நிமிடங்களுக்குள் வாந்தியெடுத்தன; வெளிவந்த வண்டுகள் உயிரோடு இருந்தன. இதைப் படித்தவுடன் யோனாவின் புத்தகத்திற்குப் புதிய நிரூபணம் கிடைத்ததென்று யாரேனும் ஒருவர் எழுதக்கூடும். அவர் மற்ற 57 விழுக்காட்டையும் நினைவில் வைக்க வேண்டும். அவை வெளிவரவில்லை. வண்டின் கருவி கடவுளுடைய தனிப்பட்ட வடிவமைப்பு என்றால், தேரையின் நாவும் வயிறும் யாருடைய வடிவமைப்பு? இருதரப்புக்கும் படைக்கலம் செய்து கொடுத்துவிட்டுப் போரைப் பார்த்திருக்கும் ஆயுத வியாபாரியாக அல்லவோ இவ்வாதம் சிருஷ்டிகரை ஆக்கிவிடுகிறது?

இன்னும் ஒன்று. பிராக்கினஸ் இனத்து வண்டுகளின் புழுப்பருவம் இந்நூல்களால் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அப்புழு நீர்வண்டுகளின் கூட்டுப்புழுவைத் தேடிப் பற்றி, அதை உண்டே வளர்கிறது. தற்காக்க இயலாமல் மண்ணறையில் கிடக்கும் உயிரை அது சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. பீய்ச்சும் கருவியைக் கடவுளின் ஞானத்திற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் வாதம், இப்புழுவின் வாய்க்கும் விடை சொல்லியாக வேண்டும். டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளரும் கிறிஸ்தவ விசுவாசியுமான ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், பிற புழுக்களின் உடலுக்குள்ளிருந்து அவற்றைத் தின்னும் குளவிகளைக் குறிப்பிட்டுத் தம் மனவேதனையை வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் குருத்துவப் பணிக்கென அனுப்பப்பட்டிருந்த காலத்தில் வில்லியம் பேலியின் நூல்களை அவர் விரும்பிப் படித்தவர். 1802இல் பேலி எழுதிய இயற்கை இறையியல் நூல், ஒவ்வோர் உறுப்பிலும் நல்லெண்ணமுள்ள ஒரு கைவினைஞரைக் காண்பதற்கு வாசகரைப் பழக்கியது. பழகிய கண் குளவியைக் கண்டபோது அக்கைவினைஞரை அங்குக் காணவில்லை. அழகானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுப்பப்படும் விசுவாசத்துக்கு நேரக்கூடிய ஆபத்து இது.

திருமறை இவ்வகைத் தேர்வைச் செய்வதில்லை. யோபு 38, 39ஆம் அதிகாரங்களில் சிங்கம் இரை தேடுகிறது. காக்கைக் குஞ்சுகள் பசியால் கூப்பிடுகின்றன. தீக்குருவி தன் முட்டைகளை மிதிபடும்படி விட்டுச் செல்கிறது. கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இவற்றில் ஒன்றும் கடவுளின் இருப்பை நிறுவுவதற்காகச் சொல்லப்படவில்லை. யோபு அதை ஐயுறவும் இல்லை. மனிதனுக்குப் பயன்படாத, மனிதன் அறியாத, மனிதனுக்குப் புரியாத உயிர்களும் கடவுளின் பராமரிப்புக்கு உட்பட்டவை என்பதே அங்குச் செய்தி. ரோமர் 8ஆம் அதிகாரமோ சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவ வேதனைப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. பீரங்கி வண்டுக்கு உரிய இடம் இவ்விரண்டு பகுதிகளுக்கும் நடுவே உள்ளது. அது நம் வாதங்களுக்குச் சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்ட சாட்சியன்று. தனக்கென ஒரு வாழ்வும் தனக்கென ஒரு தவிப்பும் உடைய உடன்சிருஷ்டி அது.

அறியாமையின் இடுக்குகளில் கடவுளைத் தேடுதல்

இவ்வாதத்தின் வேர் பழையது. விஞ்ஞானம் விளக்காத ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து, அங்குக் கடவுள் இருக்கிறார் என்று சொல்வதே அது. ஸ்காத்லாந்து சுவிசேஷகரும் இயற்கை விஞ்ஞான ஆசிரியருமான ஹென்றி டிரம்மண்ட், 1894இல் வெளிவந்த தம் நூலில், இத்தகைய இடுக்குகளைத் தேடி அவற்றைக் கடவுளைக் கொண்டு நிரப்புகிறவர்களைக் கண்டித்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1944ஆம் ஆண்டு மே மாத இறுதியில், டீட்ரிக் போன்ஹோபர் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதமொன்றில், இயற்பியலைப் பற்றிய வைஸ்ஸாக்கரின் நூலைப் படித்துக்கொண்டிருந்த வேளையில் இதே கருத்தை இன்னும் கூர்மையாக்கினார். நம் அறிவின் எல்லைகள் விரிய விரிய, இடுக்குகளை நிரப்பும் கடவுள் பின்வாங்கிக்கொண்டே போக நேரிடும். ஆகவே நாம் அறியாதவற்றில் அல்ல, அறிந்தவற்றிலேயே கடவுளைக் கண்டடைய வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். தூக்குமேடையை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாட்சி, தன் விசுவாசத்திற்கு இத்தகைய முட்டுக்கட்டைகள் தேவையில்லை என்று கண்டார்.

பீரங்கி வண்டின் வரலாறு இவ்வெச்சரிக்கைக்குச் சரியான உதாரணம். 1977இல் துடிப்பைப் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை. 1990இல் அறிந்தார்கள், 2015இல் அதன் காரணத்தையும் கண்டார்கள். ஒவ்வொரு ஆய்வும் வண்டின் பெருமையைக் கூட்டியிருக்கிறது. ஆனால் இடுக்கில் நின்ற வாதத்தை ஒவ்வொரு ஆய்வும் சிறிது நெருக்கியிருக்கிறது. அறிவு பெருகும்போது வியப்பும் பெருகினால் அவ்வியப்பு சிருஷ்டியைப் பற்றிய மெய்யான விசுவாசத்தோடு இணங்கும். அறிவு பெருகும்போது அச்சம் பெருகினால், நாம் காத்துநின்றது வேறொன்று என்றே கொள்ள வேண்டும்.

சீர்திருத்தத் தந்தையருக்கு இவ்வச்சம் இருக்கவில்லை. கால்வின் 1554இல் வெளியிட்ட ஆதியாகம விளக்கவுரையில், மோசே கல்லாதவருக்கும் விளங்கும் வண்ணம் கண்ணுக்குத் தெரிவதை எழுதினார் என்றும், வான நூலைக் கற்க விரும்புபவர் வேறிடம் செல்லவேண்டும் என்றும் குறிப்பிட்டார். அக்கலையை அவர் இகழவுமில்லை. அது கடவுளின் ஞானத்தை வெளிப்படுத்துவது என்று புகழவும் செய்தார்.

மறுதரப்பின் மிகையையும் இங்குச் சுட்டுவது கடன். இரு பொருள்களைக் கலந்து பார்த்து, அவை வெடிக்கவில்லை என்று காட்டியதன் மூலம் டாக்கின்ஸ் ஒரு பிழையான கதையை நீக்கினார். அது நன்று. ஆனால் அக்குடுவையிலிருந்து கடவுள் இல்லை என்னும் முடிவு வெளிவராது. வண்டு எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒரு கேள்வி. வண்டு உட்பட யாவும் இல்லாமற்போகாமல் ஏன் இருக்கின்றன, யாருடைய சித்தத்தால் நிலைநிற்கின்றன என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு எத்தனை நிறைவான விடை கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி தீர்ந்துபோவதில்லை. சிருஷ்டிப்பைப் பற்றிய நம் அறிக்கை இந்த இரண்டாவது கேள்விக்கே விடை. இரு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவதில் கிஷும் டாக்கின்ஸும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஒருவர் விடையைக் கடவுளுக்குச் சாதகமாகவும் மற்றவர் பாதகமாகவும் எழுதுகிறார் என்பதே வேறுபாடு.

ஊழியர்க்கு மூன்று சொற்கள்

பீரங்கி வண்டைப் பிரசங்கத்தில் குறிப்பிடலாகாது என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட விரும்புகிறவர் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவது, உதாரணத்தையும் வசனத்தைப் போலவே ஆராய்ந்து சொல்ல வேண்டும். மூலமொழியில் ஒரு சொல்லின் பொருளைத் தேட ஒரு மணி நேரம் செலவிடும் போதகர், இயற்கையைப் பற்றிய ஒரு செய்தியை யாரோ அச்சிட்டார்கள் என்பதற்காக மட்டும் எடுத்தாள்வது பொருந்தாது. இன்று நம் ஆலயங்களில் இரசாயனம் படித்த ஆசிரியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். செவிலியர், பொறியாளர், வேளாண் பட்டதாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் மரியாதையின் நிமித்தம் மௌனமாயிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அவ்வாறு இருப்பதில்லை.

இரண்டாவது, வியப்பைத் துதியாகச் சொல்ல வேண்டும்; நிரூபணமாகச் சொல்லலாகாது. துதி தன் பொருளை எவரிடமும் திணிப்பதில்லை. வாலிபர் முகாமில் பதினாறு வயதில் வண்டைக் கொண்டு கடவுளை நிரூபித்துக்கொண்ட ஒரு மாணவன், கல்லூரியின் முதலாண்டில் அந்த நிரூபணம் தகர்வதைக் காண்பான். அன்று அவன் வண்டைப் பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் நாம் தப்பினோம். பெரும்பாலும் அவன் அதைக் கற்பித்தவர்களை நம்புவதை விட்டுவிடுவான். அதே வாயால் நாம் அவனுக்கு உயிர்த்தெழுதலையும் அறிவித்திருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. வண்டின் கதை பொய் என்று கண்டவன், கல்லறையின் செய்தியை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நம்முடைய விசுவாசம் சிலுவையில் அறையுண்டு எழுந்த கிறிஸ்துவின் மேல் கட்டப்பட்டது. அந்த அஸ்திபாரத்தின் கீழே ஒரு வண்டைச் செருக வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, முழு வண்டையும் பிரசங்கிக்க வேண்டும். அதன் கொதிநீரையும், அதன் புழுவின் வாயையும், தேரையின் வயிற்றில் மடிந்த பாதிக்கு மேற்பட்டவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்போது நம் பிரசங்கம் எளிதாக இராது. ஆனால் துன்பத்தை அறிந்த சபை அதைத் தன்னுடைய உலகமாக அடையாளம் கண்டுகொள்ளும்.

யோபின் நண்பர்கள் பக்தியுள்ளவர்கள். கடவுளின் நீதியைக் காப்பாற்ற வேண்டும் என்னும் வைராக்கியம் அவர்களிடம் இருந்தது. அவர்களை நோக்கி யோபு 13ஆம் அதிகாரத்தில் எழுப்பும் கேள்வி, திருமறையில் போதகர்களை நோக்கி எழுப்பப்பட்ட கேள்விகளுள் மிகக் கடுமையானது: தேவனுக்காக நியாயக்கேடாகவும் வஞ்சகமாகவும் பேசுவீர்களா, அவர் உங்களைச் சோதித்தால் அது உங்களுக்கு நலமாயிருக்குமா என்கிறான். நூலின் முடிவில் கடவுள் யோபின் பக்கம் நிற்கிறார். தம்மைக் குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்று அந்த நண்பர்கள்மேல் கோபங்கொள்கிறார். அவர்களுக்குப் பலி தேவைப்பட்டது. அவர்கள் தாழ்மைப்படுத்திய அதே யோபின் விண்ணப்பமும் தேவைப்பட்டது. லிவியாதானை வர்ணிக்கும் 41ஆம் அதிகாரத்தை ஆவலோடு புரட்டுகிறவர்கள், அதன் முன்னுள்ள 13ஆம் அதிகாரத்தையும் அதன் பின்னுள்ள 42ஆம் அதிகாரத்தையும் தாண்டிச் செல்லலாகாது. சத்தியமாகிய கடவுளுக்கு நம் பொய்யின் உதவி தேவையில்லை. அவருடைய வண்டைப் பற்றியும் உண்மையே பேசுவோம்.